சாராள் நீந்தப் பழகிய வருஷம்

சாராள் கடலைப் பார்த்து வளர்ந்தவள் அல்ல. படாளத்துக்காரி. சின்ன வயதில் அவளுக்குத் தெரிந்த தண்ணீரெல்லாம் வாய்க்காலில் ஓடுகிற தண்ணீர், நடவு வயலில் கணுக்கால் மட்டும் நிற்கிற தண்ணீர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நட்டும் அறுத்தும் பிழைத்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை குளித்து, துவைத்த துணி உடுத்தி ஆலயத்துக்குப் போய்விட்டு வந்தால் அந்த வாரத்துக்கு அதுதான் அவர்களுடைய ஒரே ஓய்வு.

கருப்பனைக் கட்டிக்கொண்டு கல்பாக்கத்தை ஒட்டிய புதுப்பட்டினத்துக்கு வந்தபோதுதான் சாராள் கடலை முதன்முதலாகக் கிட்டத்தில் பார்த்தாள். "இம்மாந்தண்ணி எதுக்கு, யாரு குடிக்கப் போறா?" என்று கேட்டாளாம். இதைக் கருப்பன் வருஷக்கணக்கில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறான். அவனுக்குக் கல்பாக்கத்தில் ஊழியர் பஸ் ஓட்டுகிற ஒப்பந்த வேலை. கல்யாணத்துக்கு முன்னால் ஞானஸ்நானம் எடுத்தபோது வேறு பேர் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். "இது எங்கம்மா வெச்ச பேரு. கர்த்தரு கூப்புடணும்னா இதைச் சொல்லியே கூப்புடட்டும்" என்று மறுத்துவிட்டான். அந்த ஒரு பதிலுக்காகவே அவனைப் பிடித்துப்போனது என்று சாராள் சொல்லுவாள்.

பிள்ளைகள் இருவர். மூத்தவன் ஜோயல், அடுத்தவள் ஷாரோன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் சாராள் மாமல்லபுரத்துக்கு வடக்கே, கோவளம் போகிற வழியில் இருந்த ஒரு கடற்கரை விடுதியில் வேலைக்குச் சேர்ந்தாள். அறைகளைத் துடைத்து, படுக்கை விரித்து, துண்டு மாற்றி வைக்கிற வேலை. அவள் விரித்த படுக்கையில் ஒரு சுருக்கம் இருக்காது. புதிதாகச் சேர்கிற பெண்களை அவளோடுதான் அனுப்புவார்கள்.

அவர்களுடைய சபையில் ஒரு வழக்கம் உண்டு. புது வருஷத்தன்று காலை ஆராதனை முடிந்ததும், வேத வசனங்கள் அச்சடித்த சின்ன அட்டைகளை ஒரு தட்டில் கவிழ்த்துப் போட்டு வரிசையாகக் கொண்டுவருவார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அந்த வருஷத்துக்குக் கடவுள் தனக்குக் கொடுத்த வாக்குத்தத்தம் அது என்று வைத்துக்கொள்வார்கள். சாராள் வீட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் நாலு பேரும் தங்கள் அட்டையை உரக்கப் படித்துவிட்டு பீரோக் கதவில் ஒட்டிவிடுவார்கள்.

ஜோயல் செங்கல்பட்டில் பாலிடெக்னிக் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தான். அந்தப் புது வருஷத்தில் அவன் எடுத்த அட்டையில் ஏசாயா தீர்க்கதரிசியின் வசனம் இருந்தது. "நீ தண்ணீர்களைக் கடக்கும்போது நான் உன்னோடு இருப்பேன்; நீ ஆறுகளைக் கடக்கும்போது அவைகள் உன்மேல் புரளுவதில்லை."

படித்துவிட்டு ஜோயல் சிரித்தான். "மா, எனக்கு ஸ்விம்மிங் பாஸு குடுத்துட்டாரும்மா."

"வசனத்தை வெச்சிகினு வெளையாடாத. தின்னு" என்றாள் சாராள்.

பரீட்சை முடிந்த மறுநாள் ஜோயலும் நாலு நண்பர்களும் பைக்கில் கடற்கரைக்குப் போனார்கள். விடுதியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற கரைதான். ஐந்து பேரில் யாருக்கும் நீச்சல் தெரியாது. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தவர்களில் ஜோயலின் காலடியில் இருந்து மணல் நழுவியது. சாராள் விடுதிச் சீருடையிலேயே ஓடி வந்தாள். மணலில் அவள் பிள்ளையைக் கிடத்தி, யாரோ ஒரு மீனவர் தன் லுங்கியால் மூடி வைத்திருந்தார். சுற்றிக் கூட்டம். முகங்கள் எதுவும் அவள் மனதில் பதியவில்லை.

அடக்கத்துக்கு வந்தவர்கள் தங்களால் ஆன ஆறுதலைச் சொன்னார்கள். கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார் என்றார்கள். நல்ல பிள்ளைகளை அவர் சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்வார் என்றார்கள். சாராள் எல்லோருக்கும் தலையை அசைத்தாள். வந்தவர்கள் போன பிறகு வீட்டில் மிஞ்சியது பீரோக் கதவில் இருந்த அந்த அட்டை. அவள் அதைக் கிழிக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. துணி எடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் அதைப் படித்தாள். படித்துவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்துவாள்.

நினைவுக் கூட்டத்துக்குப் போதகர் வந்திருந்தார். ஜெபம் முடிந்து, எல்லோரும் சாப்பிட எழுந்தபோது சாராள் அவரை அந்த பீரோவின் முன்னால் கூட்டிப்போய் நிறுத்தினாள்.

"ஐயா, இதைப் படிங்க."

அவர் படித்தார்.

"புரளுவதில்லைன்னு போட்டு கீது. புரண்டுச்சே ஐயா. யாரு பொய் சொன்னது?"

கருப்பன் பதறிப்போய் அவள் கையைப் பிடித்தான். போதகர் அந்த அட்டையை இன்னொரு தரம் படித்தார். நடுத்தர வயதுக்காரர், பிரசங்கத்தில் நல்ல வாக்கு உள்ளவர்.

"எனக்குத் தெரியலம்மா" என்றார். "தெரிஞ்ச மாதிரி நான் ஏதாவது சொன்னா அதுதான் பொய்யாயிடும்."

அதற்கப்புறமும் அவர் அடிக்கடி வந்தார். கருப்பனோடு உட்கார்ந்து டீ குடிப்பார். பஸ்ஸைப் பற்றி, ரோட்டைப் பற்றிப் பேசுவார். ஒரு தடவைகூட அந்த வசனத்துக்கு விளக்கம் கொண்டுவரவில்லை. சாராள் ஆலயத்துக்குப் போவதை நிறுத்தாமல் இருந்ததற்கு அந்தத் 'தெரியல'தான் காரணம். போனாள், உட்கார்ந்தாள், பாடவில்லை. வீட்டில் வேதாகமத்தைத் தொடவில்லை. அடுத்த புது வருஷத்தில் தட்டு அவளிடம் வந்தபோது வாங்கி அப்படியே பக்கத்துப் பெண்ணிடம் நகர்த்திவிட்டாள்.

இன்னொன்றும் நடந்தது. கல்யாணமான மறு வருஷத்திலிருந்து அவள் கருப்பனை "ஜோயலப்பா" என்றுதான் கூப்பிட்டு வந்தாள். இப்போது அந்தப் பேர் வாயில் வரவில்லை. 'ஷாரோனப்பா' என்று கூப்பிடவும் மனம் ஒப்பவில்லை. அதனால் அவனை எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே இருந்தாள். சாப்பாடு போட்டுவிட்டுத் தட்டைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள். அவன் வருவான்.

விடுதியில் மேற்பார்வையாளரிடம் கேட்டுக்கொண்டு, ரோட்டுப் பக்கத்து அறைகளை மட்டும் பார்த்துக்கொண்டாள். கடல் பக்கம் போவதில்லை. இப்படியே இரண்டு மழைக்காலம் போயிற்று.

ஒரு சனிக்கிழமை ஆள் குறைச்சல். கடல் பார்த்த அறைகளுக்குப் போக வேறு யாரும் இல்லை. சாராள் போனாள். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே வேலையை முடித்துவிடலாம் என்று நினைத்தாள். ஆனால் போர்வையை உதற பால்கனிக்கு வந்தாக வேண்டியிருந்தது. வந்தபோது கீழே மூன்று பெண் பிள்ளைகள் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் அலை நுரைத்து உடைகிறது. நடுவில் ஒரு வீதி அகலத்துக்குத் தண்ணீர் அலையில்லாமல் சாதுவாகக் கிடக்கிறது. பிள்ளைகள் அதுதான் பத்திரமான இடம் என்று நினைத்து அங்கே நின்றார்கள்.

ஜோயல் நின்றதும் அந்த மாதிரி இடத்தில்தான் என்று அவனுடைய நண்பர்கள் சொல்லியிருந்தார்கள். சாராளுக்கு அது அந்த நொடியில் நினைவுக்கு வந்தது. போர்வையைப் போட்டுவிட்டு மாடிப்படியில் இறங்கி ஓடினாள். "வெளிய வாங்க, வெளிய வாங்க" என்று கத்திக்கொண்டே மணலில் ஓடினாள். பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அடுத்துப் பார்க்கும்போது ஒருத்தியைக் காணோம்.

சாராள் முழங்கால் தண்ணீர் வரைக்கும் போனாள். அதற்கு மேல் கால் போகவில்லை. அந்த இடத்தில் நின்று கத்தத்தான் அவளால் முடிந்தது. கொஞ்சம் தள்ளி வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒரு மீனவர் அந்தச் சத்தத்தைக் கேட்டார். ஓடி வந்து, அலைமேல் விழுந்து, அந்தப் பெண்ணை முடியைப் பிடித்து இழுத்து வந்து கரையில் போட்டார். அவள் குடித்த தண்ணீரையெல்லாம் வாந்தி எடுத்தாள். அழுதாள். பிழைத்துக்கொண்டாள்.

பிள்ளைகளை அவர்களுடைய பெற்றோர் வந்து கூட்டிப்போன பிறகும் சாராள் மணலிலேயே உட்கார்ந்திருந்தாள். அந்த மீனவர் பக்கத்தில் வந்து குந்தினார். அவர் பேர் கலைவாணன். கோவளத்துக்காரர். அவளைவிட நாலைந்து வயது இளையவராக இருக்கும்.

"எக்கா, நீ அந்தப் பையனோட அம்மாதானே?" என்றார்.

சாராள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னிக்கு உன் புள்ளையத் தூக்கியாந்தது நான்தான்."

கலைவாணன் ஈர மணலை விரலால் கீறிக்கொண்டே பேசினார்.

"நான் போய்ப் புடிச்சப்போ உசுரு இருந்திச்சுக்கா. 'அண்ணா'ன்னான். என் கழுத்தக் கட்டிக்கினான். நான் கீறேன் நைனா, பயப்படாதன்னு சொல்லிகினே வந்தேன். தண்ணி ரொம்ப உள்ள போயிருந்திச்சு போல. வர்ற வழியிலயே தல சாஞ்சிடுச்சு. கரைக்கு வர்ற வரைக்கும் நான் வுடலக்கா. ஒரு நிமிசங்கூட வுடல."

"ஏம்ப்பா இதை எங்கிட்ட சொல்லல?"

"எந்த மூஞ்சிய வெச்சிகினு வந்து சொல்றது? உசுரோட கொண்டாந்து குடுத்திருந்தா வந்திருப்பேன்."

சாராள் அவருடைய வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள். வலை இழுத்துக் காய்ப்பேறிய கை. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அவ்வளவு நாளும் அழாத அழுகையை அங்கே உட்கார்ந்து அழுதாள். கலைவாணன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அன்று சாயந்திரம் வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, விளக்கைப் போட்டுக்கொண்டு, சாராள் வேதாகமத்தை எடுத்தாள். ஏசாயா நாற்பத்து மூன்றாம் அதிகாரத்தைத் தேடி எடுத்தாள். அட்டையில் பார்த்துப் பார்த்து மனப்பாடமான அந்த வசனத்தை அது இருந்த இடத்தில், முன்னும் பின்னுமாக, அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் படித்தாள்.

'கடக்கும்போது' என்று இருந்தது. கடக்க நேர்ந்தால் என்று இல்லை. தண்ணீரைக் கடக்காமல் யாரையும் விட்டுவைப்பேன் என்று அவர் எங்கேயும் சொல்லியிருக்கவில்லை. எழுதியிருந்ததெல்லாம் சிறைப்பட்டுப் போன ஜனத்துக்கு, ஊரையும் பிள்ளைகளையும் பறிகொடுத்தவர்களுக்கு. அந்த வசனத்தில் அவர்களிடம் முதலில் சொன்னது 'நான் உன்னோடு இருப்பேன்'. அவள் இத்தனை நாளும் அடுத்த வரியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்ததில் இந்த வரி அவள் கண்ணில் படவே இல்லை. தன் பிள்ளை அந்தத் தண்ணீரில் தன்னந்தனியாகப் போனான் என்பதுதான் அவளை ஒவ்வொரு நாளும் தின்றுகொண்டிருந்தது. அவன் தனியாகப் போகவில்லை. ஒரு கழுத்தைக் கட்டிக்கொண்டு, பயப்படாதே என்ற வார்த்தையைக் காதில் கேட்டுக்கொண்டு போயிருக்கிறான்.

புரளுவதில்லை என்பதற்கு அவளுக்கு இன்றுவரைக்கும் பதில் கிடைக்கவில்லை. "அதை நேர்ல பாக்கறப்போ கேட்டுக்கிறேன்" என்பாள். கேட்கிற உரிமை தனக்கு உண்டு என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை.

அதே அதிகாரத்தில் கொஞ்சம் கீழே, "முந்தினவைகளை நினைக்கவேண்டாம்" என்று ஒரு வரி வருகிறது. அதையும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. பெற்றவளிடம் சொல்லக்கூடிய பேச்சா அது. ஆனால் அதற்கு அடுத்த வரியில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "இதோ, நான் புதிய காரியத்தைச் செய்கிறேன், இப்பொழுதே அது தோன்றும்."

கருப்பன் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"ஜோயலப்பா" என்றாள் சாராள்.

அவன் ஒரு செருப்பைக் கழற்றியபடி அப்படியே நின்றுவிட்டான்.

"இங்க வந்து உக்காருங்க. உங்க புள்ளயப் பத்தி ஒரு சேதி கீது."

விடுதியில் நீச்சல் சொல்லிக்கொடுக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். மானசா. திருக்கழுக்குன்றத்துப் பெண். அப்பா கோவிலில் பூஜைக் கைங்கர்யம் செய்பவர். விருந்தினர்களின் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பது அவளுடைய வேலை. சாராள் அவளிடம் போய், "மேடம், எனக்கு நீச்சல் கத்துத் தர்றீங்களா?" என்று கேட்டாள்.

மானசா முதலில் யாரோ குழந்தைக்குக் கேட்கிறாள் என்று நினைத்தாள். "யாருக்கு ஆன்ட்டி?"

"எனக்குத்தான்."

"இப்ப எதுக்கு திடீர்னு?"

சாராள் சொன்னாள். சுருக்கமாகத்தான் சொன்னாள். மானசா கேட்டுவிட்டு நேரே மேலாளரிடம் போனாள். விடுதியின் நீச்சல் குளத்தைச் சுத்தம் செய்கிற நாட்களில் விருந்தினர்களை விடமாட்டார்கள். சுத்தம் செய்ய ஆள் வருவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் கிடைக்கும். மேலாளர் யோசித்தார், சங்கடப்பட்டார், பிறகு "என் கண்ல படாம பாத்துக்கோங்க" என்றார்.

முதல் நாள் சாராள் பழைய சுடிதாரைப் போட்டுக்கொண்டு படியில் நின்றாள். குளம் அவளுக்கு நன்றாகத் தெரிந்த குளம். பக்கத்து நாற்காலிகளில் எத்தனை துண்டுகளை மடித்து வைத்திருக்கிறாள். ஆனால் அதில் ஒரு விரலைக்கூட நனைத்ததில்லை. மார்பளவு தண்ணீரில் இறங்கியதும் மானசாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"மூச்சை இழுத்துக்கோங்க ஆன்ட்டி. முகத்தை மட்டும் உள்ள வையுங்க. நான் பிடிச்சுண்டிருக்கேன்."

சாராள் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாள். காது அடைத்துக்கொண்டது. வெளி உலகத்துச் சத்தமெல்லாம் நின்று, தன் நெஞ்சு அடித்துக்கொள்கிற சத்தம் மட்டும் கேட்டது. என் பிள்ளை கடைசியாகக் கேட்டது இதுதானா என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே இன்னும் கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்தாள். வெளியே வந்தபோது மூக்கிலும் கண்ணிலும் ஒன்றாக ஓடியது. மானசா பயந்துபோய், "போதும் ஆன்ட்டி, இன்னிக்கு விட்டுடலாம்" என்றாள்.

"இல்லம்மா. இன்னொரு வாட்டி" என்றாள் சாராள்.

மிதக்கப் பழகுவதுதான் பெரும்பாடாக இருந்தது. கையைக் காலை அடிக்க அவளுக்கு வந்தது, உழைத்த உடம்பு. சும்மா கிடக்கத்தான் வரவில்லை. மல்லாக்கப் படுத்தால் உடனே இடுப்பு மடங்கி உள்ளே போவாள்.

"தண்ணியை நம்பணும் ஆன்ட்டி. நம்பினாத்தான் தூக்கும். எங்கப்பா சங்குதீர்த்தக் குளத்துல எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்."

"நான் எப்பிடிம்மா இந்தத் தண்ணிய நம்புவேன்? அது எனக்கு இன்னா பண்ணிச்சுன்னு உனக்குத் தெரியாதா?"

மானசா தன் உள்ளங்கையைச் சாராளின் முதுகுக்குக் கீழே கொடுத்தாள். "அப்போ தண்ணியை நம்ப வேணாம். என் கையை நம்புங்கோ."

சாராள் கண்ணை மூடிக்கொண்டு உதட்டுக்குள் ஏதோ சொன்னாள். நான் உன்னோடு இருப்பேன், நான் உன்னோடு இருப்பேன். மூச்சு வாங்கவும் விடவும் அந்த வார்த்தைகள் கணக்காக இருந்தன. முதுகு நிமிர்ந்தது. காது தண்ணீருக்குள் போனது. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தபோது மானசா இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றாள். சாராளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் முழுகினாள்.

கோடைக்குள் குளத்தின் நீளத்தைக் கடந்துவிட்டாள். அதற்கப்புறம் கலைவாணனிடம் போனாள். குளம் வேறு, கடல் வேறு என்று அவர் சொன்னார். அலை உடையாமல் சாதுவாகத் தெரிகிற எந்த இடத்தில் தண்ணீர் உள்ளே இழுக்கும், எப்படி அதோடு மல்லுக்கட்டாமல் பக்கவாட்டில் நீந்தி வெளியே வருவது, மூழ்குகிறவனை எப்படி நம் கழுத்தைப் பிடிக்கவிடாமல் காற்றடித்த டியூபைப் பிடிக்க வைப்பது என்றெல்லாம் காட்டினார். அவளுடைய இடுப்பில் நைலான் கயிறு கட்டி, கயிற்றைக் கரையில் ஒரு படகில் முடிந்துவிட்டுத்தான் உள்ளே விட்டார். மற்ற மீனவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். "இன்னா கலை, புதுசா பெரிய மீனு கட்டி வெச்சிகினு கீற" என்று கேலி பேசினார்கள். சாராளும் சேர்ந்து சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வீட்டுக்குப் போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு கரைக்கு வந்துவிடுவாள். விடுமுறை நாட்களிலும் வருவாள். கழுத்தில் விசில். பக்கத்தில் காற்றடித்த லாரி டியூப், கயிறு. விடுதியில் கழித்துப்போட்ட சிவப்புத் துணியைக் கம்பில் கட்டி, இழுப்பு இருக்கிற இடத்துக்கு நேராக மணலில் நடுவாள். இழுப்பு இடம் மாறும்போது அவளும் கொடியைப் பிடுங்கி மாற்றி நடுவாள். பசங்கள் முறைப்பார்கள். "நீ யாரு, போலீசா?" என்று கேட்பார்கள். கேட்ட ஒவ்வொருவனுக்கும் ஒரே பதில்தான். "நான் ஒரு புள்ளயக் கடலுக்குக் குடுத்தவப்பா." அதற்கு மேல் எவனும் எதிர்த்துப் பேசியதில்லை.

பேச்சோடு போகாத ஒரு நாளும் வந்தது. சாப்பாட்டு நேரம், கலைவாணன் படகில் வெளியே போயிருந்தார். கொடியைத் தாண்டிப் போய் நின்ற ஓர் இளைஞன், விஷால் என்று பேர், பட்டென்று உள்ளே இழுக்கப்பட்டான். சாராள் விசில் ஊதினாள். கயிற்றை இடுப்பில் மாட்டி, மறு முனையைக் கரையில் இருந்த இரண்டு மீனவர்கள் கையில் கொடுத்துவிட்டு டியூபோடு தண்ணீரில் இறங்கினாள். முழங்கால் வந்தது, இடுப்பு வந்தது. முன்பு கால் நின்றுபோன ஆழத்தைத் தாண்டியதை அவள் கவனிக்கவில்லை. இழுப்பே அவளை அவனிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அவன் வெறிபிடித்தவன் மாதிரி கையை வீசிக்கொண்டிருந்தான். டியூபை அவன்மேல் தள்ளினாள். பிடித்துக்கொண்டான். பிடித்தும் பயம் தெளியவில்லை. "சாவப்போறேன், சாவப்போறேன்" என்றான்.

"சாவமாட்ட. பயப்படாத நைனா, நான் கீறேன்" என்றாள் சாராள். அவன் விரல்களின்மேல் தன் விரல்களை வைத்து அழுத்திக்கொண்டாள். "உன் பேரு இன்னா? பேரச் சொல்லு."

"விஷால்."

"விஷாலு, என் மூஞ்சியப் பாரு. கரையப் பாக்காத. என்னையே பாரு."

கரையில் இருந்தவர்கள் கயிற்றை இழுத்தார்கள். இரண்டு பேரும் வந்து சேர்ந்தார்கள். அவன் மணலில் கவிழ்ந்து படுத்துத் தேம்பினான். சாராள் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். எழுந்து போகும்போது அவன் அவள் காலைத் தொட வந்தான். "என் கால்ல இன்னாடா கீது? வூட்டுக்குப் போயி உங்கம்மா கையால சோறு வாங்கித் தின்னு" என்று விரட்டிவிட்டாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் நடந்ததைக் கருப்பனிடம் சொன்னாள். ஜோயல் போனதிலிருந்து அவன் கடற்கரைப் பக்கம் காலெடுத்து வைத்தவன் இல்லை. பெண்டாட்டி போவதைத் தடுக்கவும் இல்லை, ஏன் போகிறாய் என்று கேட்கவும் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் திரும்பி வருகிற வரைக்கும் வாசலுக்கும் ரோட்டுக்கும் நடந்துகொண்டிருப்பான் என்று ஷாரோன் சொல்லித்தான் சாராளுக்குத் தெரியும். அன்று அவன் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தான். "வர்ற வாரம் நானும் வரேன். கயிறு புடிக்க ஆளு வேணும்ல" என்றான்.

வந்தான். அதிலிருந்து வந்துகொண்டிருக்கிறான். ஷாரோனுக்கு மானசா நீச்சல் சொல்லிக்கொடுக்கிறாள். அந்தப் பெண் தாயைவிடச் சீக்கிரம் மிதக்கப் பழகிவிட்டாள். சபையில் சாராள் மறுபடியும் பாடுகிறாள். குரல் ஒன்றும் நல்ல குரல் இல்லை, ஆனால் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும். போதகர் ஒரு ஞாயிறு பிரசங்கத்தில் அவளுடைய பேரைச் சொல்லாமல் அவள் கதையைச் சொன்னார். சாராள் வெளியே வந்து, "ஐயா, நீங்க எனக்குத் தெரியலன்னு சொன்னீங்களே, அதையும் சேத்து சொல்லியிருக்கணும்" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

இந்த வருஷம் உயிர்த்தெழுந்த பண்டிகை அன்று ஆராதனை முடிந்து, கருப்பன் ஒரு குண்டான் பிரியாணியைக் கரைக்குக் கொண்டுவந்திருந்தான். படகு நிழலில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். காலையில் ஆலயத்தில் வாசித்த பாடம் சாராளின் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

"தம்பி, எங்க வேதத்துல கடசியில ஒன்னு எழுதிகீது" என்றாள் கலைவாணனிடம். "புது வானம் வரும், புது பூமி வரும். செத்தவங்கெல்லாம் எழுந்து வருவாங்க. கண்ணீரெல்லாம் அவரே தொடைச்சிடுவாரு. அங்க கடல் இருக்காதாம்."

கலைவாணன் வாயருகே கொண்டுபோன கையை நிறுத்தினார். "கடலே இருக்காதா?"

"இருக்காதுன்னு தெளிவா போட்டு கீது."

"அப்போ நான் அங்க வந்து இன்னாக்கா பண்றது? பேஜாரா பூடுமே."

"எங்கூட வந்துரு நைனா, பஸ் ஓட்டக் கத்துத் தரேன்" என்றான் கருப்பன்.

சாராள் சிரித்தாள். சிரித்துவிட்டுக் கடலைப் பார்த்தாள். "நீ கவலப்படாத. அங்க ஜோயலு இருப்பான். இவர எனக்குத் தெரியும்னு சொல்லி அவன் உன்னக் கூட்டிகினு போவான்" என்றாள்.

கலைவாணன் சோற்றுக் கையை அப்படியே தட்டில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். கருப்பன் அவர் தட்டில் இன்னொரு துண்டு கறியை எடுத்து வைத்தான்.

ரோட்டில் ஒரு காலேஜ் பஸ் வந்து நின்றது. பசங்கள் சட்டையைக் கழற்றிக்கொண்டே இறங்கி மணலில் ஓடி வந்தார்கள். சாராள் கையைக் கழுவினாள். விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவர்களை நோக்கி நடந்தாள்.